ஆள் இல்லாமல் ஆடிய ஏழு நகர்வுகள்

மாவட்டச் சதுரங்க லீக்கில் எங்கள் மலை அணிக்கு நான்கு போர்டு, அதாவது நான்கு ஆட்டக்காரர்கள். நான் மூன்றாவது போர்டு. எமர்ஜென்சி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஏற்காட்டில் ஒரு காபிப் பண்ணை அலுவலகத்தில் வேலை. காலையில் மழைமானியைப் பார்த்து அளவு குறிப்பேன், பிறகு நாற்றுகளை எண்ணுவேன், மூட்டைகளை எண்ணுவேன். முதலில் வேலையாக இருந்தது பிறகு பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் தட்டில் எத்தனை அவரை விதை விழுந்திருக்கிறது என்று எண்ணாமல் என்னால் சாப்பிட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் எரிச்சல்படுகிறார்கள்.

லீக்கில் இரண்டு பிரிவு உண்டு. மேல் பிரிவில் இருக்கிற வரைக்கும் பாதி ஆட்டங்கள் எங்கள் ஊரிலேயே நடக்கும். கீழே இருந்து சேலத்து ஆட்கள் பஸ் ஏறி வருவார்கள். கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டால் எல்லா ஆட்டமும் சமவெளியில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கி ஆடிவிட்டு, ஆட்டம் நீண்டால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நிற்க வேண்டும். எங்கள் முதல் போர்டுக்காரர் மலையில் இன்னும் உள்ளே இருக்கும் வாழவந்தியிலிருந்து வருகிற எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். அவரால் முடியாது. நான்காவது போர்டுக்காரராலும் முடியாது. அணி கலைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மற்ற மூவருக்கும் அது வருத்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. நான் தனி ஆள். ஆபீஸிலிருந்து குவார்ட்டர்ஸ், குவார்ட்டர்ஸிலிருந்து ஆபீஸ். வருடத்தில் பாதி நாள் ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு மனிதர் எனக்கு எதிரே நாற்காலி போட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அது போய்விடுமோ என்ற கவலையில் எனக்கு அந்த வாரம் முழுவதும் சரியாகத் தூக்கமில்லை.

கடைசி ஆட்டத்தில் நாங்கள் நாலுக்கு இரண்டு புள்ளி எடுத்தால் மேல் பிரிவில் தங்கலாம். எங்கள் கேப்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் வைத்திருந்தவர், இரண்டாவது போர்டு. முந்தின நாள் என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"மொதப் போர்டு தோக்குதுன்னு வெச்சுக்கங்க. நாலாவது கண்டிப்பா ஜெயிக்குது. நான் எப்படியாச்சும் டிரா பண்ணிப்புடுவேன். ஒன்னரை. நீங்க ஜெயிக்கோணும்னு சொல்லலீங்க. தோக்காம இருங்க, போதும்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா ஞாயித்துக்கெழம எல்லாம் ஓட்டல்ல வந்து போண்டா சாப்புடுங்க. வேற என்ன பண்றது?"

இங்கே எங்கள் லீக்கின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வேறெங்கும் இதை நான் கேள்விப்பட்டதில்லை. எங்களில் பலரும் முதலில் கற்றது நாட்டு ஆட்டம். அதில் தொடக்கத்திலேயே ஆளுக்கு நாலைந்து நகர்வுகளை ஒரே மூச்சில் ஆடிக்கொள்ளலாம். எதிராளி என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. லீக் வந்து, கடிகாரம் வந்து, உலகத்து விதிகள் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தின் ஒரு வால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் பஸ் தாமதமாவது சகஜம். அதனால் தாமதமாக வருகிற ஆட்டக்காரர் தன்னுடைய தொடக்க நகர்வுகளை முன்கூட்டியே தன் கேப்டனிடம் வாயால் சொல்லிவிடலாம். ஏழு நகர்வு வரைக்கும் அனுமதி. அதைச் 'சொல்லி விடுவது' என்போம். கேப்டன் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொன்னதைச் சொன்ன வரிசையில் ஆட வேண்டும். நாற்காலியில் உட்காரக் கூடாது. ஒன்றையும் மாற்றக் கூடாது. சொன்ன நகர்வு ஆட முடியாததாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தன் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஓடி முடிவதற்குள் ஆட்டக்காரர் வந்து உட்கார்ந்து, தன் கையால் ஒரு நகர்வாவது செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தோல்வி.

எதிராளியின் நகர்வைப் பார்க்காமலே சொல்லி விடுவதால், யாரும் தன் பக்கத்திலேயே இருந்துகொண்டு காய்களை அடுக்கும் நகர்வுகளைத்தான் சொல்வார்கள். அதுவும் நாலு, மிஞ்சினால் ஐந்து.

அன்று டிசம்பர் மாதத்து ஞாயிறு. காபி விவசாயிகள் கூட்டம் போடுகிற பழைய மாடி ஹால்தான் எங்கள் ஆட்டக் கூடம். பன்னிரண்டு ஜன்னல், இரண்டுக்குக் கண்ணாடி இல்லை. அதன் வழியாகப் பனி உள்ளே வந்து மேஜைகளின் கால்களை மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இருமல் வேறு. ஜன்னல் பக்கத்து மேஜையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மாற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே சேலத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நால்வர் வர வேண்டிய இடத்தில் மூவர், கூட அவர்களுடைய கேப்டன். அவர் ஜவுளிக்கடைக்காரர், ஆடாத கேப்டன்.

"எங்க மூணாவது ஆளு அடுத்த பஸ்ல வர்றாருங்க," என்றார் அவர். "காத்தாலயே பஸ் ஸ்டாண்டுல வந்து ஏழும் சொல்லி உட்டுட்டாரு."

"ஏழுமா?" என்றார் எங்கள் கேப்டன். "உங்காளு நாலுக்கு மேல சொல்ல மாட்டாரே. இன்னைக்கு நொம்பத் தாராளமா இருக்காரு."

"அதத்தானுங்க நானும் கேட்டேன். ஏழையும் மனப்பாடம் பண்றதுக்குள்ள எனக்குப் பாதி மலை வந்துருச்சு."

மூன்றாவது ஆள் என்றால் எனக்கு எதிராளி. மில் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அவரோடு நான் முன்பு மூன்று முறை ஆடியிருக்கிறேன். மூன்று முறையும் அவருடைய தொடக்கம் ஒன்றேதான்: ராஜா பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார், அந்தச் சந்தில் மந்திரியை வைப்பார், குதிரையை வெளியே கொண்டுவருவார், நாலாவதாகக் கோட்டை கட்டுவார். தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் அந்த நாலைத்தான் சொல்வார்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவர் எங்கே கால் வைப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் குதிரை வெளியே வந்தவுடன் என் நடுச் சிப்பாயை அதன் மேல் தள்ளிவிட்டால், அவர்கள் கேப்டனால் குதிரையைக் காப்பாற்ற முடியாது. சொன்னபடி கோட்டையைத்தான் கட்டியாக வேண்டும். குதிரை எனக்கு. தோற்காமல் இருப்பதென்ன, வெற்றியே கையில்.

நடுவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பத்து மணிக்குக் கடிகாரங்களை ஓடவிட்டார். எனக்கு வெள்ளை. நடுச் சிப்பாய் இரண்டையும் தள்ளினேன், குதிரையைக் கொண்டுவந்தேன். காலி நாற்காலியின் முதுகுக்கு மேலாகக் கேப்டனின் கை வந்து சிப்பாயையும் மந்திரியையும் குதிரையையும் நகர்த்திவிட்டுப் போனது. மூன்று நகர்வும் நான் எதிர்பார்த்தவையே.

நாலாவதாக என் சிப்பாயைக் குதிரையின் மேல் தள்ளினேன்.

கேப்டன் உதடுகளை அசைத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கோட்டை கட்டவில்லை. குதிரையை எடுத்து நடுவில் வைத்தார். அதற்கு இருந்த நல்ல இடம் அதுதான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு ஏதோ புதுத் தொடக்கம் படித்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த சிப்பாயால் அந்தக் குதிரையை மிரட்டினேன். கேப்டன் உதட்டை அசைத்தார். குதிரை ஓரமாக ஒதுங்கியது. அதே சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி மறுபடி மிரட்டினேன். குதிரை வந்த வழியே நடுவுக்குத் திரும்பியது. நான் துரத்துவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் விலகுவதுபோல இருந்தது.

எதிரே நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பிரம்பு நாற்காலி. ஈரத்தில் பிரம்பு அவ்வப்போது நெரிபடும் சத்தம் கேட்கும். ஆள் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற அதே சத்தம்.

நடுவரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, இவரு நின்ன எடத்துல யோசிச்சு ஆடறாரோன்னு எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. பாக்காம சொன்ன நகர்வு இப்படிப் பொருந்துமா?"

ஜவுளிக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானு யோசிக்கறனா? எனக்கு யோசிக்கத் தெரிஞ்சா ஏனுங்க நாலாவது போர்டுல கூட ஒக்கார வெக்காம நிக்க வெச்சிருக்காங்க?"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். அந்த மனிதருக்குக் குதிரை தாண்டும் என்பதைத் தவிர ஆட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டுங்க," என்றேன். "இன்னும் ஒண்ணு பாக்கி. நான் ஆடறதுக்கு முன்னாடியே அந்த ஏழாவது நகர்வ உங்க காதுல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் நான் ஆடறேன்."

நடுவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஜன்னலோரம் போனார்கள். கேப்டன் அவர் காதில் சொன்னார். நடுவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

"அப்படியேதானுங்க சொன்னாரு," என்று கேப்டன் கையை விரிப்பது தெரிந்தது. நடுவர் லேசாகச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். நான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன்: அந்த நகர்வு ஆட முடியாத ஒன்று. கண்கட்டு வித்தை இத்தோடு முடிகிறது.

"ஆடுங்க," என்றார்.

யாரும் எதிர்பார்க்க முடியாத ஒரு நகர்வை ஆட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். கை போய் என் மந்திரியை எடுத்தது. பலகையின் அந்த ஓரத்தில், அவர்களுடைய மந்திரிக்குப் பக்கத்தில், வெறும் கட்டம் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தேன். அங்கே வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சும்மா பிடுங்கிக்கொள்ளலாம் என்று நீட்டுவதுபோல.

நடுவர் வாயில் கையை வைத்தார்.

கேப்டன் குனிந்து, தன் மந்திரியால் என் மந்திரியை வெட்டி எடுத்தார். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க சொன்னாரு உங்க காதுல?" என்று நடுவரைக் கேட்டேன்.

"ஓரத்துல இருக்கற மந்திரிய வெட்டணும்னு," என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது. "அங்க அப்ப ஒண்ணுமே இல்லியே. வெறும் கட்டத்துல எதய்யா வெட்டறதுன்னு நெனச்சுத்தான் சிரிச்சேன்."

மற்ற மூன்று மேஜைகளிலும் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் யாரும் காயை நகர்த்தவில்லை. எங்கள் கேப்டன் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார். எனக்கு இப்போது ஒரு மந்திரி குறைவு. எட்டாவது நகர்வாக என் இன்னொரு மந்திரியால் குதிரையை மிரட்டினேன். அது வெறும் பேருக்கு ஆடிய நகர்வு. ஸ்டோர் கீப்பர் வந்து உட்கார்ந்தால் ஒரு சிப்பாயைத் தள்ளிக் குதிரையைக் காப்பாற்றிவிட்டு, மாலைக்குள் நிதானமாக என்னைத் தோற்கடித்துவிடுவார். அணி இறங்கிவிடும். இனி அவர் வராமல் இருப்பதுதான் எனக்கு இருந்த ஒரே வழி.

கறுப்பின் கடிகாரம் ஓடியது. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏறி வரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் பாதையில் மாட்டிக்கொள்ளட்டும் என்று வேண்டுவது சரியில்லை என்று தெரியும். அதனால் பஸ் பத்திரமாக, ஆனால் மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தபோது அவர் வந்தார். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. தோளில் போட்டிருந்த சால்வை நனைந்திருந்தது. கண், காது, கை எல்லாம் இருக்கிற சாதாரண மனிதர். அவரைப் பார்த்ததும் ஹாலில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"மன்னிக்கோணுங்க. பன்னெண்டாவது வளைவுல பஸ்ஸு நின்னுபோச்சு."

"வாங்க, வாங்க, ஒக்காருங்க," என்றார் அவர்கள் கேப்டன். "நீங்க சொன்ன ஏழும் ஆடிப்புட்டேன். ஒரு மந்திரி மேல இருக்குது."

"நான் என்ன சொன்னேன்?"

"காத்தால சொன்னீங்களே. பஸ் ஸ்டாண்டுல, டீக்கடைகிட்ட."

"நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றப்பவே உங்க பஸ்ஸு போயிருச்சுங்களே. உங்கள நான் இன்னைக்கு இப்பத்தான் பாக்கறேன்."

கேப்டன் சிரிக்கப் பார்த்தார். "வெளையாடாதீங்க. ஒரு வேலை இருக்குது, அடுத்த பஸ்ல வர்றேன், ஏழையும் கேட்டுக்கங்கன்னு காதுகிட்ட வந்து சொன்னது ஆருங்க அப்பறம்?"

"மொகத்தப் பாத்தீங்களா?"

கேப்டன் தன் காதைத் தடவிக்கொண்டார். "குல்லாப் போட்டு மப்ளர் சுத்தியிருந்துச்சு. பனிங்க. நீங்கதான்னு நெனச்சேன். வேற ஆருக்குத் தெரியும் நீங்க ஆடறது?"

ஸ்டோர் கீப்பர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தார். நடுவரிடம் நகர்வுகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். நடுவர் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், கடைசி நகர்வில் நிறுத்தினார்.

"மந்திரி அங்க வர்றதுக்கு முன்னாடியேவா சொன்னாரு?"

"என் காதால கேட்டேன்," என்றார் நடுவர்.

ஸ்டோர் கீப்பர் இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் ஆடலீங்க."

"சாமி, ஒரே ஒரு நகர்த்து," என்றார் கேப்டன். கேப்டன் வயதில் மூத்தவர், இளையவர்களை அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு சிப்பாயத் தள்ளுங்க, போதும். கண்ண மூடிட்டு ஜெயிச்சுப்புடலாம்."

"மொதல்ல இருந்து ஆடறதுன்னா ஆடறேன். மத்தவங்க சம்மதிச்சா."

எனக்கு உயிர் வந்தது. என் மந்திரி திரும்பக் கிடைக்கும். "எனக்குச் சம்மதம்," என்று அவசரமாகச் சொன்னேன். நடுவர் தலையை ஆட்டினார். ஆடினது ஆடினதுதான், கேப்டன் ஆடினதை ஆட்டக்காரர் ஆடியதாகக் கொள்வதுதான் விதி. ஏற்றுக்கொண்டு ஆடலாம், அல்லது ஆடாமல் இருக்கலாம்.

"ஏத்துக்க மாட்டனுங்க," என்றார் ஸ்டோர் கீப்பர். "நான் சொல்லாதத நான் சொன்னதா ஒத்துக்கிட்டு ஒக்காந்துட்டா, நாளைக்கு அந்தாளு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு, எங்கடா என் ஆட்டம்னு கேட்டா நான் ஆரக் காட்டறது?"

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் கூட அதற்குப் பிறகு அவரை வற்புறுத்தவில்லை. கையில் வைத்திருந்த என் மந்திரியை மேஜை மேல் வைத்துவிட்டு, காலி நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

மீதி நிமிடங்களை நாங்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழித்தோம். ஸ்டோர் கீப்பர் குளிரில் நடுங்கிக்கொண்டு, கைகளைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தார். முள்ளின் நுனியில், நேரம் முடிந்ததும் விழுகிற சிவப்புக் கொடி தூக்கிக்கொண்டு நின்றது. அது விழுந்தபோது பிரம்பு நாற்காலி ஒரு முறை நெரிந்தது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தால் வரும் சத்தம். ஈரத்துக்குப் பிரம்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று நான் முன்பே சொன்னேன்.

நடுவர் எனக்குப் புள்ளி கொடுத்தார். முதல் போர்டு தோற்றது, நான்காவது ஜெயித்தது, எங்கள் கேப்டன் சொன்னபடியே டிரா செய்தார். இரண்டரை. நாங்கள் மேல் பிரிவிலேயே தங்கினோம். சேலத்து ஆட்கள் இருட்டுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் போகும்போது எனக்குக் கும்பிடு போட்டார். பலகைப் பக்கம் திரும்பவில்லை. மறு வருடம் அவர் வரவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டார், மற்றபடி நன்றாக இருக்கிறார் என்று சொன்னார்கள். சொல்லி விடும் வழக்கமும் அத்தோடு நின்றது. யாரும் தீர்மானம் போடவில்லை. பஸ்ஸை விட்டவர்கள் பேசாமல் புள்ளியை விட்டுக்கொடுத்தார்கள்.

அன்று மாலை எங்கள் கேப்டன் ஓட்டலில் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனநிலையில்தான் இருந்தார்.

"அதெல்லாஞ் செரிங்க. அந்த மந்திரிய எதுக்குங்க அங்க கொண்டுபோயி வெச்சீங்க?"

"சோதிச்சுப் பாக்கறதுக்கு."

"சோதிக்கறதுக்கு ஓரத்துச் சிப்பாய ஒரு கட்டம் தள்ளுனாப் பத்தாதா? அதயும் ஆரும் எதிர்பாக்க மாட்டாங்களே. எதையும் எழக்காம ஆடறதுக்கு எத்தனையோ இருந்துச்சு."

குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் காய்களை அந்த நிலையில் அடுக்கி எண்ணினேன். என் ஏழாவது நகர்வாக நான் ஆடியிருக்கக்கூடியவை முப்பத்தாறு. மறுபடியும் எண்ணினேன். முப்பத்தாறுதான். சிப்பாய்களால் பத்து, குதிரைகளால் ஏழு, மந்திரிகளால் பத்து, ராணியால் ஆறு, ராஜாவால் இரண்டு, யானையால் ஒன்று. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளத்தான் நானும் நினைத்தேன் என்று அப்போது நினைவு வந்தது. கை அதை நோக்கித்தான் கிளம்பியது. அதைத் தாண்டிப் போய் மந்திரியை எடுத்தது. முப்பத்தைந்தை விட்டுவிட்டு, நடுவரின் காதில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்த அந்த ஒன்றை.

ஸ்டோர் கீப்பருக்குக் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் புள்ளி வேண்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டியிருந்தன. இரண்டும் கிடைத்தன. அதற்குப் பிறகு ஆறு வருடம் மூன்றாவது போர்டில் ஆடினேன். எதிரே ஆள் இருந்தார். ஒவ்வொரு முறையும் ஆள் இருந்தார், நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும், எத்தனை இருக்கின்றன என்று மனதுக்குள் எண்ணத் தொடங்குவேன். பதினைந்து, இருபது வரைக்கும் போவேன். எண்ணி முடிப்பதற்குள் கை போய்விட்டிருக்கும்.